பிரிட்டனில் டிசைன் வேலையா, பட்டறை வேலையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோடுபோடுபவன் (கேள்வி)

வணக்கம். கவென்ட்ரியில் மெக்கானிக்கல் முதுகலை முடித்து நாலு மாதம் ஆகிறது. படிப்பு முடித்தவர்கள் இங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் கிராஜுவேட் விசாவில் இன்னும் 20 மாதம் பாக்கி. கணினியில் மாடல் போடுவது, அழுத்தக் கணக்கு ஓட்டிப் பார்ப்பது எல்லாம் நன்றாக வரும். பட்டறையில் நின்றது மொத்தமே இரண்டு வாரம். அதிலும் ஒரு வாரம் பாதுகாப்பு வகுப்பு.

இப்போது கையில் இரண்டு வேலை. ஒன்று, பர்மிங்காமில் ஒரு டிசைன் ஆலோசனை நிறுவனம். 34,500 பவுண்டு சம்பளம், நாள் முழுக்கத் திரை முன்னால். இன்னொன்று, டட்லி பக்கம் 16 பேர் வேலை பார்க்கும் மெஷினிங் பட்டறை. 29,000 பவுண்டு. பாதி நாள் டிராயிங், பாதி நாள் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) புரோகிராமிங். அங்கே நேர்காணலுக்குப் போனபோது முதலாளி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நேராக மெஷின் பக்கம் கூட்டிப்போய், கோணல்மாணலான ஒரு வார்ப்பைக் கையில் கொடுத்து, "இதை எப்படிப் பிடிப்பாய்?" என்று கேட்டார். முழித்தேன். அப்படியும் வேலை தருகிறேன் என்கிறார்.

அறைத்தோழன் சிரிக்கிறான். வேல்ஸில் போர்ட் டால்பட் உருக்காலையில் 2024-ல் கடைசி ஊதுலையையும் அணைத்துவிட்டார்கள். 2016-ல் 17 லட்சம் கார் செய்த நாடு 2024-ல் 8 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. இந்த நேரத்தில் பட்டறைக்கா போகிறாய் என்று கேட்கிறான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரித்தான் தெரிகிறது. எதை எடுக்கலாம்?

கடைசல்காரன்

தம்பி, அந்த முதலாளி கேட்டது ஒரே கேள்விதான், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. டிராயிங்கில் பாகம் காற்றில் மிதக்கும். மெஷினில் அதை ஏதோ ஒரு பக்கம் இறுக்கிப் பிடித்தாக வேண்டும்; பிடித்த பக்கத்தை வெட்ட முடியாது; அப்புறம் திருப்பிப் பிடிக்க வேண்டும்; ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அளவு கொஞ்சம் நழுவும். இதை மனதில் வைத்து வரைகிறவர்கள் இந்த நாட்டில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான் டட்லியைச் சுற்றியுள்ள பிளாக் கன்ட்ரியில் 22 வருடமாக இருக்கிறேன். லேத்தில் ஆரம்பித்து, இப்போது விலை போட்டுக்கொடுக்கும் மேசையில். வாரம் 30 டிராயிங்காவது வரும். போன மாதம் ஒன்று: அலுமினியக் கூடு, உள்ளே 60 மிமீ ஆழத்தில் பாக்கெட் (குடைந்த குழி), உள்மூலைகளின் வளைவுக்கு 2 மிமீ ஆரம். ஆரம் 2 என்றால் கட்டர் விட்டம் 4-ஐத் தாண்டக்கூடாது. பென்சில் ஈயம் மாதிரி இருக்கும் அந்தக் கட்டரை 60 மிமீ வெளியே நீட்டினால் அது வெட்டாது, பாடும். பட்டறை முழுக்கக் கேட்கும். மூலையில் அலை அலையாகத் தடம் விழும், நாலாவது பாகத்தில் கட்டர் முறியும்.

வரைந்தவரைப் போனில் பிடித்தேன். "அந்த மூலையில் என்ன உட்காருகிறது?" "ஒன்றுமில்லை, சர்க்யூட் போர்டு நடுவில்தான் நிற்கும்." "அப்போ ஆரம் 6 வைக்கலாமா?" "ஓ, தாராளமா." 10 மிமீ கட்டர் போட்டோம். மூன்றரை மணி நேர வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. அதே டிராயிங்கில் எல்லா அளவுக்கும் ±0.02 மிமீ டாலரன்ஸ், அதாவது அளவு அதற்கு மேல் பிசகக்கூடாது. ஏன் என்றால், "டெம்ப்ளேட்டில் அப்படித்தான் இருந்தது." நல்ல பையன், கெட்டிக்காரன். தான் வரைந்த பாகம் வெட்டுப்படுவதை ஒரு நாளும் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வரைகிற இடமும் செய்கிற இடமும் பிரிந்து வெகுகாலம் ஆகிறது. டைசன் தன் வாக்குவம் கிளீனர் உற்பத்தியை 2002-ல் மால்ம்ஸ்பரியிலிருந்து மலேசியாவுக்குக் கொண்டுபோனது. வரைகிறவர்கள் இங்கேயே இருந்தார்கள். கேம்பிரிட்ஜில் இருக்கும் ஆர்ம் உலகத்துக்கே சிப் வடிவமைக்கிறது, சொந்தமாக ஒரு சிப் ஆலை கிடையாது. எதிர்த்திசையில் போனதும் உண்டு: ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி முதலில் சீனாவில்தான் தயாரானது, 2012-லேயே வேல்ஸில் பென்கோடில் உள்ள சோனி ஆலைக்கு வந்துவிட்டது.

உன் தோழன் சொல்லும் எண்கள் சரி. ஆனால் அவன் கார், உருக்கு என்று கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எண்ணுகிறான். லட்சக்கணக்கில் செய்வது இங்கே சுருங்கிவிட்டது, உண்மை. பத்து, இருபது என்று, செய்யவே கஷ்டமானதைச் செய்வது நிற்கவில்லை. ஏர்பஸ் இறக்கைகள் பிராட்டனில் சேர்க்கப்படுகின்றன. ரோல்ஸ்-ராய்ஸ் விமான இஞ்சினுக்குள் சுழலும், ஒரே படிகமாக வளர்த்த உலோக பிளேடுகளை ராதர்ஹாமில் வார்க்கிறார்கள். அந்த உலோகம் உருகும் சூட்டைவிட அதிகச் சூடான வாயு அதைத் தாண்டி ஓடும். பிராக்லி, மில்டன் கீன்ஸ், கிரோவ் பக்கம் ஃபார்முலா 1 அணிகள். அந்த மாதிரி வேலை எங்களுக்கு வரும்போது "12 பாகம், வியாழக்கிழமைக்குள்" என்று வரும். விலை பேசவே மாட்டார்கள். வியாழக்கிழமையைத்தான் பேசுவார்கள்.

சரி, கஷ்டத்தையும் சொல்கிறேன். முதலில் கரண்ட் பில். இங்கே பெரும்பாலான நேரம் எரிவாயு விலைதான் மின்சார விலையைத் தீர்மானிக்கிறது. வளர்ந்த நாடுகளில் தொழிற்சாலை மின்சாரம் மிக விலை கூடிய இடங்களில் இது ஒன்று. 2027-லிருந்து சுமார் 7,000 நிறுவனங்களுக்கு ஒரு மெகாவாட் மணிக்கு 40 பவுண்டு வரை குறைப்போம் என்று அரசாங்கம் 2025-ல் அறிவித்தது. நல்ல விஷயம். எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஹீட் ட்ரீட்மென்ட் (பாகத்தைச் சூடாக்கிக் கடினப்படுத்தும்) பட்டறை 2023-லேயே பூட்டியாகிவிட்டது. முன்பு தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு போன பாகம் இப்போது 50 மைல் வேனில் போய் வருகிறது, நாலு நாள் கழித்து. இந்த மாதிரிச் சின்னப் பட்டறை ஒன்று மூடினால் செய்தியில் வராது, ஆனால் சுற்றியுள்ள பத்துப் பேர் கை முடங்கும்.

அப்புறம் பணம் வரும் வேகம். பெரிய வாடிக்கையாளர் 90 நாள் கழித்துத் தருவார். உலோகம் விற்பவர் 30 நாளில் கேட்பார். வரிச் சலுகை பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள்: புது மெஷின் வாங்கினால் முழு விலையையும் முதல் வருடமே லாபத்தில் கழித்துக்கொள்ளலாம். எங்களுக்கு 10 லட்சம் பவுண்டு வரை அந்த வசதி ஏற்கெனவே உண்டு. எங்கள் கைக்கு எட்டுவது பழைய மெஷின்தான். கழிக்க முதலில் லாபம் வேண்டுமே!

எல்லாவற்றையும்விட ஆள். எங்கள் பட்டறையில் போன வருடம் வேலை பழக ஒரு அப்ரென்டிஸ் பெண் சேரும்வரை ஆக இளையவருக்கு 47 வயது. ஐந்து அச்சு மெஷினை (பாகத்தைச் சாய்த்துத் திருப்பி வெட்டுவது) அமைக்கத் தெரிந்த எங்கள் ஆள் 2028-ல் ஓய்வு பெறுகிறார். அவர் தலையில் இருப்பது எந்த மென்பொருளிலும் இல்லை.

நானாக இருந்தால் டட்லி. இரண்டு வருடம் போதும்.

இறக்கைக்காரி

கடைசல்காரன் அண்ணா சொன்ன தொழில் விஷயம் எல்லாம் சரி. ஆனால் விசாவை மறந்துவிட்டார். நான் பிரிஸ்டல் பக்கம் விமான இறக்கை வடிவமைப்பில் இருக்கிறேன், இந்த வழியில்தான் வந்தேன்.

கிராஜுவேட் விசா முடிந்தபின் தங்க, நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு வொர்க்கர் விசா வேண்டும். அதற்கு 2025 ஜூலையிலிருந்து பொதுவான சம்பள வரம்பு வருடம் 41,700 பவுண்டு. கிராஜுவேட் விசாவிலிருந்து மாறினால் புதியவர் என்ற கணக்கில் 33,400 போதும். உங்கள் தொழிலுக்கென்று இருக்கும் சம்பள விகிதத்தையும் பாருங்கள். 29,000 வைத்துக்கொண்டு மாற முடியாது. இன்னொன்று, பட்டப்படிப்பு நிலைக்குக் கீழான வேலைகளுக்குப் பெரும்பாலும் ஸ்பான்சர் கிடையாது. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர் என்ன என்று பாருங்கள். "டிசைன் எஞ்சினியர்" என்றால் ஒரு கதை, "சிஎன்சி மெஷினிஸ்ட்" என்றால் வேறு கதை. அந்தப் பட்டறைக்கு ஸ்பான்சர் உரிமம் இருக்கிறதா என்பதை உள்துறை வெளியிடும் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம்.

நீர்மூழ்கி, போர்க்கப்பல் வேலைகள் நிறைய வருகின்றன என்று ஆசை காட்டுவார்கள். அவற்றில் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்குப் பொதுவாக ஐந்து வருடமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். சிலவற்றுக்குப் பிரிட்டிஷ் குடியுரிமையே கேட்பார்கள்.

திரை முன்னால் உட்காரும் வேலையை இளக்காரமாகப் பார்க்கவும் வேண்டாம். இறக்கைக்குள் விலா எலும்பு மாதிரித் தாங்கும் ஒரு ரிப்பில் 200 கிராம் குறைக்க நான் மூன்று வாரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பாகத்தை வெட்டுகிறவர் என் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பார். இருந்தாலும் 200 கிராம் குறைந்தது.

வல்லிபுரத்தான்

தம்பி, நான் எஞ்சினியர் இல்லை, ஹரோவில் கடை வைத்திருக்கிறேன். இந்த நாட்டில் வாஷிங் மெஷின் திருத்த வருகிறவரும் தன்னை எஞ்சினியர் என்றுதான் சொல்கிறார், சட்டம் தடுக்காது. ஆனபடியால் பின்னுக்கு 'சார்ட்டர்ட்' எஞ்சினியர் என்ற தொழில்முறைப் பட்டத்தையும் எடுத்து வையும், அதை எல்லாரும் போட்டுக்கொள்ள ஏலாது.

என்ர மகன் 18 வயதில் முழுநேரப் பல்கலைக்கழகம் வேண்டாம், வேலை செய்துகொண்டே பட்டம் எடுக்கிற டிகிரி அப்ரென்டிஸ் போறன் என்றான். வீட்டில் ஒரு கிழமை சண்டை. சனம் என்ன சொல்லும் என்று மனுசி அழுதா. இப்ப நாலாம் வருசம், கடன் ஒரு சதமும் இல்லை, சம்பளமும் வருகுது. பெரிய கம்பனிகள் சம்பளப் பட்டியலில் 0.5 சதவீதம் இதற்கென்று 2017-லிருந்து கட்டுதுகள், அந்தக் காசில்தான் படிக்கிறான். போன கிழமை கைவிரலில் வெட்டுக்காயத்தோடு வந்து, தான் செய்த கியர் ஒன்றைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சுற்றிக் காட்டினான். மனுசி அதை இப்ப சாமித்தட்டில் வைத்திருக்கிறா.

கோடுபோடுபவன்

எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்னதும் பட்டியலைப் பார்த்தேன். அந்தப் பட்டறை பெயர் இல்லை. முதலாளியிடம் நேரே கேட்டுவிட்டேன். உரிமத்துக்கு விண்ணப்பிக்கிறேன், 12 மாதத்தில் 33,400 ஆக்குகிறேன், பதவி டிசைன் எஞ்சினியர் என்றே போடுகிறேன் என்று சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்தார், அப்புறம் கொடுத்தார். திங்கட்கிழமை சேருகிறேன்.

அண்ணா, பயிற்சிக்காக ஒரு அலுமினியத் தாங்கி வரைந்திருக்கிறேன். இணைப்பில் இருக்கிறது, தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கடைசல்காரன்

எழுதி வாங்கினாயே, அது போதும்.

டிராயிங் பார்த்தேன். மூலை ஆரங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த நாலு எம்6 (6 மிமீ திருகுக்கான) துளைகளும் மறுபக்கம் திறக்காதவை. 20 மிமீ ஆழம் போட்டு, மரையும் 20 மிமீ கேட்டிருக்கிறாய். மரை வெட்டும் டேப்பின் முனை கூம்பாக இருக்கும், அடிமட்டம் வரை முழு மரை போடாது. சீவலும் கீழே போய் அடையும். அலுமினியத்தில் எம்6-க்கு 12 மிமீ மரை தாராளம். துளையை 18 வை. அப்புறம், கீழ்ப்பக்கம் முழுக்க வளைவாக விட்டிருக்கிறாய். இதை எப்படிப் பிடிப்பாய்?