விஎச்எஸ் கேசட்: ஒலி நன்றாக வருகிறது, படம் மட்டும் புள்ளி மழை

கேள்வி
1990களின் கல்யாண வீடியோ கேசட், பிஏஎல் (இந்திய டிவி முறை), எஸ்பி (சாதாரண ஓட்ட) வேகம். பேச்சு, நாதஸ்வரம் எல்லாம் தெளிவு. படம் மட்டும் முழுக்க வெள்ளைப் புள்ளி. டிராக்கிங் குமிழை (டேப்பின் பதிவுக் கோட்டோடு பொருத்துவது) திருப்பியும் பலனில்லை. ஒரே டேப்தானே, ஒலி எப்படித் தப்பித்தது? இன்னொன்று, நன்றாக ஓடும் கேசட்டிலும் கணினியில் கேப்சர் செய்த (பதிந்த) ஃபைலில் அடி வரிகள் சில கிழிந்து தெரிகின்றன.

பதில் 1
டேப் ஒன்று, ஹெட் (டேப்பைப் படிக்கும் காந்த முனை) வேறு. ஒலி டேப்பின் மேல் ஓரத்தில் நேர்கோடாகப் பதிவாகிறது. அதைப் படிப்பது அசையாத ஹெட். டேப் வினாடிக்கு 2.34 செ.மீ. மட்டுமே நகர்கிறது, ஆடியோ கேசட்டில் பாதி. அந்த வேகத்தில் வீடியோவை எழுதவே முடியாது. அதற்காகத்தான் 62 மி.மீ. விட்டமுள்ள டிரம்மை (ஹெட் பொருத்திய உருளை) சாய்த்து வைத்து நிமிடத்துக்கு 1500 சுற்று ஓட்டுகிறார்கள். எதிரெதிரே இரண்டு ஹெட். ஒரு சாய்கோட்டுக்கு ஒரு ஃபீல்டு (ஒரு படத்தின் பாதி வரிகள்), வினாடிக்கு 50. ஹெட் டேப்பை உரசும் வேகம் வினாடிக்குச் சுமார் 4.85 மீட்டர்.

படம் எஃப்எம் ஆக, அதாவது ஒளிக்கேற்ப அதிர்வெண் மாறும் அலையாகப் பதிவாகிறது. வெள்ளைக்கு உரிய அதிர்வெண் 4.8 மெகாஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் டேப்பில் ஓர் அலையின் நீளம் 1 மைக்ரான்! ஹெட்டில் 1 மைக்ரான் அழுக்கு ஒட்டினாலே சிக்னல் 55 டெசிபல் சரியும். அதே அழுக்கு ஒலி ஹெட்டில் இருந்தால், 1 கிலோஹெர்ட்ஸில் இழப்பு 2 டெசிபலுக்குச் சற்று மேல். காதுக்குப் பெரிதாகத் தெரியாது.

பதில் 2
முதலில் வேறு கேசட் போட்டுப் பாருங்கள். அதிலும் புள்ளி என்றால் ஹெட் அடைப்பு. ஒரு ஹெட் மட்டும் அடைத்தால் ஒரு ஃபீல்டு நல்ல படம், அடுத்தது புள்ளி என்று மாறி மாறி நடுங்கும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஷாமாய் தோலை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மின் மேல் அசையாமல் பிடியுங்கள். டிரம்மின் மேல்பாகத்தைக் கையால் சுற்றுங்கள். மேலும் கீழும் தேய்த்தால் ஹெட்டின் ஃபெரைட் முனை உடைந்துவிடும், அதோடு டெக் (வீடியோ பிளேயர்) கதை முடிந்தது. பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நார் சிக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே கேசட் போடுங்கள்.

சுருளின் பக்கவாட்டில் வெள்ளைத் தூள் தெரிந்தால் பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டினால் ஹெட் மறுபடி அடைக்கும், அடுத்த கேசட்டுக்கும் பரவும்.

பதில் 3
முதல் பதிலில் ஒரு திருத்தம். ஹைஃபை (உயர்தர ஒலி) டெக்கில் ஒலியும் டிரம்மில்தான், 1.4, 1.8 மெகாஹெர்ட்ஸ் எஃப்எம் ஆக. அங்கே அழுக்குப் பட்டால் ஒலியும் கரகரக்கும்.

அடி வரிகள் கோளாறு அல்ல. ஃபீல்டு முடியுமுன், செங்குத்து சிங்க்குக்கு (புதிய ஃபீல்டு தொடங்குவதைச் சொல்லும் துடிப்பு) சுமார் 6.5 வரி முன்னால், டெக் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. பழைய டிவி அந்த ஓரத்தைச் சட்டத்துக்குள் மறைத்துவிடும். கேப்சர் கார்டு அப்படியே காட்டும். வெட்டாதீர்கள், 576 வரி உயரம் மாறிவிடும். அடியில் பத்து வரி போலக் கறுப்பால் மூடினால் போதும்.