கல்யாணத்துக்கு முன்னால ஆவிக்குரிய ஆயத்தம்: ஒரு பொண்ணு என்னதான் செய்யணும்?

பாளை நர்ஸ்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயசு 29. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். மூணு வருஷமா வீட்ல மாப்பிள்ளை பார்க்காங்க. அம்மா எனக்காக சனிக்கிழமைதோறும் உபவாசம். சாயங்காலம் ஒரு டம்ளர் கருப்பட்டிக் காப்பி குடிச்சுதான் முடிப்பாங்க.

எங்க ஜெபக்குழுவுல சொன்னது இது: வேதத்துல குணசாலியான மனைவியைப் பத்திச் சொல்ற நீதிமொழிகள் 31-ல 10-ஆம் வசனத்துல இருந்து தினம் ஒண்ணு மனப்பாடம் பண்ணு, மொத்தம் 22 வசனம், உன் போவாஸ் (வேதத்துல விதவையான ரூத்தைக் கட்டிக்கிட்டவர்) வர்றவரைக்கும் பொறுமையா காத்திரு. ரெண்டு தடவை முடிச்சிட்டேன். முடிச்ச வசனத்துக்குப் பக்கத்துல பென்சில்ல சின்னக் கோடு போட்டு வச்சிருக்கேன். போன மாசம் பொண்ணு பார்க்க வந்தவங்க உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பவுன் போடுவீங்க?" அன்னைக்கு ராத்திரி வேதத்தைத் திறந்தேன், கோடு போட கை வரல.

ஆயத்தம்னு சொல்றாங்களே, அது என்ன? நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேக்கேன்.

போதகர் வீட்டம்மா

மகளே, அந்தக் கோடுகளை அழிச்சிராதே. எனக்குக் கல்யாணம் ஆகி 27 வருஷம். ஆயத்தமில்லாம போனவ சொல்றேன், கேளு. எங்க அப்பாவுக்குக் குடிப்பழக்கம். அவரை மன்னிக்காமலே நான் தாலி கட்டிக்கிட்டேன். இவங்க கொஞ்சம் சத்தம் போட்டுப் பேசினா போதும், எனக்கு அப்பா குரல்தான் கேக்கும். சட்டை இஸ்திரி போடலைங்கிற சின்ன விஷயத்துக்கு நாலு நாள் பேசாம இருந்திருக்கேன். பாவம், அவங்களுக்குக் காரணமே தெரியாது. அப்பாவை நான் முழுசா மன்னிச்சது ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகுதான். அதுவரைக்கும் வீட்ல நடந்த பாதி சண்டை அவங்களோட போட்டது இல்ல, அப்பாவோட போட்டது.

அதனால கன்னியா இருக்கிற காலத்துலயே முழங்கால்ல நின்னு உன் மனசைத் தோண்டிப் பாரு. யார் மேல கசப்பு, எதுக்குப் பயம்னு கர்த்தர்ட்ட சொல்லு. ஆயத்தம்னா அதுதான். மாப்பிள்ளை எப்ப வரணுமோ அப்ப வருவார்.

வேலூர் டீச்சர்

அம்மா சொன்ன மன்னிப்பு விஷயத்தை அப்படியே ஏத்துக்கிறேன். ஆனா அது கல்யாணம் ஆகப்போறவளுக்கு மட்டுமா? எனக்கு 38. கல்யாணம் ஆகல. கோயிலுக்குப் போனா இன்னும் "உனக்காக ஜெபிக்கிறோம்"னு கையைப் பிடிச்சுக்கிறாங்க. நான் ஏதோ நோயாளி மாதிரி. ஒரு பொண்ணு தேவனைத் தேடுறதையெல்லாம் மாப்பிள்ளைக்கான முன்னேற்பாடா மாத்திட்டா, மாப்பிள்ளை வரலைன்னா அவ பக்தி வீணா?

நீதிமொழிகள் 31 யாருக்குச் சொன்னது? முதல் வசனத்தைப் பாருங்க. லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன உபதேசம். ஒரு அம்மா மகனுக்குச் சொன்னதை நாம மகள்கள் கையில மட்டும் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்றோம். அப்புறம் ரூத். "போவாஸ் வர்ற வரைக்கும் காத்திரு"ங்கிறீங்க. ரூத் எங்க காத்திருந்தா? மாமியாருக்குச் சோறு போட வயல்ல கதிர் பொறுக்கினா. ரூத் 3:11-ல போவாஸ் அவளைக் "குணசாலி"ங்கிறார். நீதிமொழிகள் 31:10-ல வர்ற அதே வார்த்தை. அப்ப அவ யாருக்கும் மனைவி இல்ல. புருஷனை இழந்து, பிழைக்க வந்த வேற்றூர்க்காரி.

எங்க ஊர்ல மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல சின்னதா வைத்தியம் ஆரம்பிச்சு, 1918-ல பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினாங்க. டோனாவூர்ல மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-ல இருந்து 1951-ல கண் மூடுற வரைக்கும் பிள்ளைகளை வளர்த்தாங்க. ரெண்டு பேருமே கல்யாணம் பண்ணிக்கல. இவங்க எதுக்காகவும் காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கல.

சேகர கமிட்டி

தங்கச்சி, அவங்க ஊழியத்துக்குன்னு தனி அழைப்பு பெற்றவங்க. எல்லாருக்கும் அந்த அழைப்பு கிடையாது. மூணு மகள்களைக் கட்டிக் கொடுத்தவன் நான். 1 பேதுரு 3:4 சொல்ற சாந்தமும் அமைதலுமுள்ள ஆவிதான் பெண்ணுக்கு ஆயத்தம். இப்ப பிள்ளைங்க பொண்ணு பார்க்க வந்த இடத்துலயே கேள்வி கேக்குது, வரன் தட்டிப் போகுது. அப்புறம் பெத்தவன் ராத்திரி தூங்க முடியுமா? நகை கேக்கிறது ஊர் வழக்கம். அதையும் ஆவிக்குரிய காரியத்தையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வேலூர் டீச்சர்

அண்ணாச்சி, மூணு பிள்ளைகளைக் கரையேத்தின கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா நீங்க சொன்ன வசனத்துக்கு முந்தின வசனத்தையும் வாசிங்க. பொன்னாபரணம் அலங்காரமா இருக்க வேண்டாம்னு அதே பேதுருதான் எழுதியிருக்கார். வரதட்சணை வாங்குறது 1961-ல இருந்து சட்டப்படியும் குற்றம். வெறும் ஊர் வழக்கம்னு எப்படி விட முடியும்? ஓலை வாசிச்சு (கோயில்ல கல்யாண அறிவிப்பு சொல்லி), ஜெபிச்சு, ஆசீர்வாதம் சொல்லி நடக்கிற கல்யாணத்துல பவுன் கணக்கு மட்டும் வேதத்துக்கு வெளியவா நிக்குது?

கேள்வி கேட்டா வரன் தட்டும்னீங்க. ஆதியாகமம் 24-ல ஆபிரகாமோட ஊழியக்காரன் எஜமான் மகன் ஈசாக்குக்குப் பொண்ணு தேடி பத்து ஒட்டகத்தோட வந்து, ஜெபிச்சு, அடையாளம் கேட்டு, நகையும் கொடுத்தாச்சு. அவ்வளவு ஆன பிறகும் வீட்டார் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாங்க, இந்த மனுஷனோட போறியான்னு. "போகிறேன்"னு ரெபெக்காள் தன் வாயால சொன்ன பிறகுதான் அனுப்பினாங்க.

தூத்துக்குடி தம்பி

எனக்கு 31. எனக்கும் பொண்ணு பார்க்காங்க. இதை வாசிச்ச பிறகுதான் உறைச்சுது: உபவாசம் இருன்னோ, ஒரு அதிகாரம் மனப்பாடம் பண்ணுன்னோ, கோபத்தைச் சரி பண்ணுன்னோ என்கிட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்ல. கேட்டதெல்லாம் சம்பளமும் சொந்த வீடும்தான். அதே 1 பேதுரு 3-ல 7-ஆம் வசனம், மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யணும், இல்லாட்டி ஜெபம் தடைபடும்னு புருஷனைத்தான் எச்சரிக்குது.

ஆர்.சி. அக்கா

எங்க பக்கம் திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் ரெண்டு பேருமே போகணும். 1983-ல வந்த திருச்சபைச் சட்டமே அப்படித் தயாரிக்கிறதைப் பங்குத்தந்தையோட கடமைன்னு சொல்லுது. சண்டை, பணம், பிள்ளை எல்லாமே அங்க பேச்சுக்கு வரும். எனக்கு நடந்த வகுப்பு கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்னாலதான். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடிச்சாச்சு. அப்புறம் யார் வாயைத் திறந்து மாட்டேம்பாங்க? முன்னாலேயே நடக்கணும்.

போதகர் வீட்டம்மா

டீச்சர், லேமுவேல் விஷயம் என்னை யோசிக்க வச்சது. எனக்கும் ரெண்டு பையங்க. அந்த அதிகாரத்தை அவங்களுக்கு நான் ஒரு தடவைகூட வாசிச்சுக் காட்டினதில்ல. ஆனாலும் காத்திருக்கிறதே தப்புங்கிற மாதிரி நீங்க பேசுறதை என்னால ஏத்துக்க முடியல. கல்யாணத்தை ஆசையோட கேட்டு ஜெபிக்கிற பொண்ணு குறைஞ்சவ இல்ல. வேதத்துல பிள்ளையில்லாத அன்னாள் பிள்ளைக்காக அழுதா, கர்த்தர் அவளைக் கடிஞ்சுக்கல.

வேலூர் டீச்சர்

ஆசைப்படுறது தப்புன்னு நான் சொல்லலம்மா. நானும் அழுதிருக்கேன்.

பாளை நர்ஸ்

எல்லாத்தையும் டியூட்டி முடிஞ்சு வந்து ரெண்டு தடவை வாசிச்சேன். அம்மாட்டயும் வாசிச்சுக் காட்டினேன். ரெபெக்காள் பகுதி வந்ததும் அம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டு, "போன மாசம் நான் உன்கிட்ட கேக்கவே இல்லையேட்டி"ன்னாங்க. அந்தப் பவுன் வீட்டுக்கு வேண்டாம்னு அப்பாவே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.

மன்னிக்க வேண்டிய ஆள் எனக்கும் ஒருத்தர் உண்டு. அதை இங்க எழுத முடியாது. இந்தச் சனிக்கிழமை அம்மாகூட நானும் உபவாசம் இருக்கேன், அந்த ஆளுக்காக.

அண்ணாச்சி, அடுத்த வரன் வந்தா நான் கேள்வி கேப்பேன். கோவிச்சுக்காதீங்க. உங்க மகள்களுக்காகவும் ஜெபிச்சுக்கிறேன்.