நாடகம் நடித்து யார் முன்னுக்கு வந்தது?

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

கோடைகால ஒன்றுகூடலின் நிகழ்ச்சி நிரல் பற்றி மடல்கள் சூடாகப் போய்க்கொண்டிருக்கின்றன. நாடகத்துக்கு ஒதுக்கிய அரை மணித்தியாலத்தைப் பொது அறிவுப் போட்டிக்குக் கொடுக்கலாம் என்று மார்க்கம் நகரில் இருக்கும் அண்ணை எழுதியிருந்தார். சரி, அது அவருடைய கருத்து. ஆனால் கடைசியில் "நாடகம் நடித்து யார் முன்னுக்கு வந்தது?" என்று ஒரு கேள்வியும் போட்டிருக்கிறார். அதற்குப் பதில் அவர் வீட்டிலிருந்து ஒரு நெடுஞ்சாலைத் தூரத்தில், இதே கனடாவின் மிசிசாகா நகரில் இருக்கிறது.

நடிகை மைத்ரேயி இராமகிருஷ்ணன் 2001 டிசம்பரில் அங்கேதான் பிறந்தார். தாய் தகப்பன் எங்களில் பலரைப் போல யுத்தத்தால் இலங்கையை விட்டு வந்தவர்கள். படித்தது மெடோவேல் உயர்பாடசாலையில். நடிப்பு என்று கையில் இருந்ததெல்லாம் பள்ளிக்கூட நாடகங்கள்தான். முகவரும் இல்லை, சினிமாவில் சொந்தக்காரரும் இல்லை.

2019இல் அமெரிக்க நடிகையும் எழுத்தாளருமான மிண்டி கேலிங், 'நெவர் ஹேவ் ஐ எவர்' என்ற தன் புதிய தொடருக்குத் தெற்காசியப் பெண்பிள்ளை ஒருத்தி தேவை என்று சமூக வலைத்தளத்தில் அறிவித்தார். அதைக் கண்ட தோழி மைத்ரேயிக்கு அனுப்ப, இருவரும் உள்ளூர் நூலகத்துக்குப் போய், அம்மாவின் கமராவில் நடித்துப் பதிவுசெய்து அனுப்பினார்கள். இப்படி அனுப்பியவர்கள் 15,000 பேர். பிறகு இன்னும் சில காணொளிகள் கேட்டார்கள், லொஸ் ஏஞ்சலிசுக்குக் கூப்பிட்டுக் கமரா முன் நிற்கவைத்துப் பார்த்தார்கள். தெரிவானபோது பிள்ளைக்கு வயது 17.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறையில் சேர்ந்திருக்க வேண்டும். இடத்தை ஒத்திவைத்துவிட்டுப் படப்பிடிப்புக்குப் போனார். அண்ணை இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பிள்ளை படிப்பைத் தூக்கி எறியவில்லை. பின்னர் திரும்பிவந்து, நாடகத்தை விட்டு மனித உரிமைகள், சமத்துவம் பற்றிய படிப்புக்கு மாறிக்கொண்டார். நடிகையான பிறகு மனித உரிமை படிக்கப் போன பிள்ளையைப் பார்த்து "கூத்தாடிக் கெட்டுப்போச்சு" என்று எந்தப் பெரியவர் சொல்லப்போகிறார்?

தொடர் 2020 ஏப்ரல் 27 அன்று நெட்ஃபிளிக்சில் வந்தது. உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த நேரம். நான்கு பருவங்கள் ஓடி 2023 ஜூனில் முடிந்தது. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தேவி விஸ்வகுமார் கலிபோர்னியாவில் வளரும் பதினைந்து வயதுத் தமிழ்ப்பிள்ளை. பள்ளி இசை நிகழ்ச்சியில் அவள் யாழ் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பார்வையாளர் நடுவில் அப்பா சரிந்து இறந்துபோகிறார். அதன்பின் மூன்று மாதம் அவளுக்குக் கால் நடக்காது. இதை வைத்துக்கொண்டு சிரிக்கவும் வைக்கிறார்கள்.

முதல் பருவத்தில் பிள்ளையார் பூசை ஒன்று வரும். பாவாடை தாவணியில் தேவி அவஸ்தைப்பட்டுக்கொண்டு நிற்பாள். அங்கே இருப்பதும் வெட்கம், அந்த வெட்கத்தை நினைத்தும் வெட்கம். எங்கள் ஒன்றுகூடலில் வடை வரிசைக்குப் பக்கத்தில் போனைப் பார்த்தபடி நிற்கும் பிள்ளைகளின் முகம் அப்படியே அதுதான். அதே பருவத்தின் கடைசியில், மலிபு கடற்கரையில் தகப்பனின் சாம்பலைக் கரைக்கும் காட்சியில், தாயாக நடிக்கும் பூர்ணா ஜெகந்நாதன் போன்ற தேர்ந்த நடிகைக்குப் பக்கத்தில் இந்தப் பிள்ளை ஒரு பொய்யும் இல்லாமல் நிற்கிறது. கமராவுக்கு முன் அதுதான் அதன் முதல் வேலை.

"எங்கட பிள்ளை, ஆனால் இந்தியத் தமிழ்ப்பிள்ளையாக நடிச்சிருக்குது" என்று சிலர் முன்பு குறைப்பட்டார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. வேறொருத்தியாக நிற்பதுதானே நடிப்பு! தன்னைக் கேட்டால் தமிழ்க் கனேடியர் என்றுதான் அவர் சொல்கிறார்.

அப்புறம், 2022இல் வந்த பிக்சாரின் ரொறன்ரோக் கதையான 'டர்னிங் ரெட்' அசைவூட்டப் படத்தில் பிரியா என்ற பிள்ளைக்குக் குரல் கொடுத்தார். 2025இல் ஜேமி லீ கர்ட்டிஸ், லின்ட்சி லோகன் நடித்த 'ஃப்ரீக்கியர் ஃப்ரைடே' என்ற டிஸ்னி படத்தில் பாடகியாக வந்தார்.

தேம்ஸ் கரையில் இருக்கும் அக்காவுக்காக இன்னொரு பெயர்: சரித்ரா சந்திரன். தமிழ்நாட்டுப் பின்னணி, ஸ்கொட்லாந்தின் பேர்த்தில் பிறப்பு, ஒக்ஸ்போர்டில் அரசியல், மெய்யியல், பொருளியல் படிப்பு. அண்ணையின் பொது அறிவுப் போட்டியில் முதற்பரிசு எடுக்கக்கூடிய ஆள்! அவரும் நடிப்புக்குத்தான் வந்தார். 2022இல் பிரிட்ஜர்ட்டன் தொடரில் புகழ்பெற்ற பிறகு, 2024இல் லண்டன் காரிக் அரங்கில் ஒரே ஆளாக முழு நாடகத்தையும் நடித்தார். வெட்டி ஒட்ட முடியாத மேடையில் தனியே நிற்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பது ஊரில் வாசிகசாலை மேடையில் வசனம் மறந்து நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆகவே என் வாக்கு நாடகத்துக்கு. போட்டியை மதியச் சாப்பாட்டுக்கு முன் வைக்கலாம், அதற்கும் நேரம் இருக்கிறது. எட்டுப் பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். சனிக்கிழமை ஒத்திகைக்கு ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறை தேவை. சட்டைக் கழுத்தில் குத்திக்கொள்ளும் சின்ன ஒலிவாங்கி யாரிடமாவது இருந்தால் இந்தக் கிழமைக்குள் எழுதுங்கள். வாடகைக்கு எடுத்தால் கணக்குப் பார்க்கும் தம்பி என்னைத்தான் பிடிப்பார்.