பியூசிலானிமஸ்: ‘கோழை’ போதுமா?

ஐயா, வணக்கம்.

பியூசிலானிமஸ் (pusillanimous) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் ‘கோழையான’ என்றே போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். செய்தித்தாளுக்கு அது போதும். 1970 தேர்தல் பரப்புரையில் அமெரிக்கத் துணை அதிபர் ஸ்பைரோ அக்னியூ எதிரணியை இந்தச் சொல்லால் வைதபோது, தொடைநடுங்கிகள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. மோனைக்காகப் பொறுக்கிய வசவு. நாம் தொகுப்பதோ மெய்யியல் சொற்பட்டியல், அங்கேதான் இடிக்கிறது.

லத்தீனில் ‘புசில்லுஸ்’ மிகச் சிறியது, ‘அனிமுஸ்’ உள்ளம். கிரேக்க ‘மிக்ரோப்சிக்கியா’வுக்கு நேரான சொல். அரிஸ்டாட்டில் தம் அறநூலில் கோழைமையை வீரத்துக்கு எதிரே, மூன்றாம் பகுதியில் பேசிவிடுகிறார். மிக்ரோப்சிக்கியா வருவது நான்காம் பகுதியில்: பெரியவற்றுக்குத் தகுதியிருந்தும் ‘நமக்கெதற்கு’ என்று ஒதுங்குகிறவனின் குறை. 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்குக் காட்டிய ஆள், பைபிளில் இயேசு சொல்லும் தாலந்து உவமையின் வேலைக்காரன். எசமான் கொடுத்த பணத்தை (தாலந்து என்பது அதன் அளவு) மண்ணில் புதைத்துவைத்து, அப்படியே தோண்டித் திருப்பித் தந்தவன். ‘பயந்தேன்’ என்று அவனே சொல்கிறான்தான். ஆனால் அவன்மேல் வரும் குற்றச்சாட்டு பயந்ததற்கல்ல, கையிலிருந்ததைப் புழங்காமல் விட்டதற்கு. இவனைக் கோழை என்றால் பாதிதான் பிடிபடும். (கோழைக்குச் சளி என்ற பொருளும் உண்டு, மருத்துவப் பட்டியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

‘சிறுமனம்’ எழுத்துக்கு எழுத்துச் சரி. ஆனால் தமிழில் அது கஞ்சத்தனம், பொறாமை பக்கம் சாய்ந்துவிடுகிறது. ‘தாழ்வு மனப்பான்மை’யை உளவியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். ‘உள்ளம் இலாதவர் எய்தார்’ என்ற 598ஆம் குறள்தான் மிக நெருங்கி வருகிறது. அங்கே உள்ளம் என்றால் ஊக்கம். ஆயினும் ‘உள்ளமின்மை’ என்று இன்று எழுதினால் இரக்கமில்லாதவன் என்றே படிப்பார்கள்.

ஆகவே என் முன்மொழிவு ‘உளக்குறுக்கம்’. பெயரடை ‘உளங்குறுகிய’. ‘கூனிக்குறுகி’ என்று பேச்சில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், காதுக்குப் புதிதில்லை. எதிர்ச்சொல் ‘உளப்பெருமை’. அதற்குப் ‘பெருந்தன்மை’யே போதும் என்பவர்கள், பிழை பொறுத்து விட்டுக்கொடுக்கும் குணத்துக்கு முதலில் வேறொரு சொல் கொடுத்துவிட்டு வாருங்கள்.