சுபேதார் வீடு குன்னூர் (குடும்பக் குழு)

செந்தில்: எல்லாருக்கும் வணக்கம். நாளைக்கு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரியில குட்டி பேரை எழுதிக் குடுக்கணுமாம். முடிவு பண்ணியாச்சு. மேஜர்.

செல்வி அத்தை: என்ன மேஜர்

செந்தில்: அதான் பேரு அத்தை. எஸ். மேஜர்

மணி சித்தப்பா: 😂😂

கார்த்தி: தாத்தா ரெஜிமென்ட் முழக்கம், அடி கொல்லு அடி கொல்லு

செல்வி அத்தை: மூத்த பேரனுக்கு எங்கப்பா பேருன்னு அண்ணன் சொல்லிட்டுத்தான் போச்சு. ராமசாமின்னு வைக்கக் கூச்சமா இருந்தா ராம்னாவது வை

செந்தில்: தாத்தா ஞாபகமாத்தான் அத்தை இதையே வைக்கிறேன். வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தவரு

மணி சித்தப்பா: அப்பா சுபேதார்டா. அதுக்கு மேல சுபேதார் மேஜர். நீ சொல்ற மேஜர் ஆபீசர் பதவி. லெப்டினன்ட், கேப்டன், அப்புறம்தான் மேஜர்

கார்த்தி: அப்ப தாத்தா நம்ம குட்டிக்கு சல்யூட் அடிச்சிருக்கணும்

ஜெயா: எல்லாரும் சாப்பிட்டாச்சா. இங்க விடாம மழை

ரவி மாமா: செந்தில், அவசரப்படாத. 21 நாளுக்குள்ள பதியணும்கிறது பிறப்பைத்தான், பேரை இல்ல. பேர் இடத்தைக் காலியா விட்டே பதியலாம், 1969 பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துலயே 14வது பிரிவு அதுக்குத்தான் இருக்கு. பதிவாகி 12 மாசத்துக்குள்ள பேர் சேர்த்தா காசு கிடையாது. அப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனா ஒரு தடவை ஏத்திட்டா ஏத்தினதுதான். எழுத்துப்பிழையைத் திருத்துவாங்க, மனசு மாறினதுக்குத் திருத்த மாட்டாங்க. கெஜட்டுக்குத்தான் அலையணும். அப்புறம், பிறந்த ஊர்லதான் பதிவு. மேட்டுப்பாளையத்துல பெத்துட்டு குன்னூர் நகராட்சியில வந்து நின்னா திருப்பித்தான் அனுப்புவாங்க. திவ்யாவோட பிக்மி நம்பர், அதான் கர்ப்பத்தைப் பதிஞ்சப்ப குடுத்த நம்பர், கைவசம் இருக்கட்டும், அது இல்லாம நகராது.

மணி சித்தப்பா: மாமா ரிட்டயர் ஆகியும் சீட்டை விடல

ரவி மாமா: இன்னும் முடிக்கல மச்சான்

செல்வி அத்தை: அவரு முடிக்க மாட்டாரு. ஞாயித்துக்கிழமை பேர் வைக்கிறது எத்தனை மணிக்கு

ஜெயா: 11 அண்ணி. சமூகக் கூடம் சொல்லியாச்சு

கார்த்தி: காதுல மூணு தடவை பேர் சொல்லணுமே. மேஜர் மேஜர் மேஜர். குட்டி அட்டென்ஷன்ல நிக்கும்

செந்தில்: சிரிக்கிறவங்க சிரிங்க. ஃபரூக் இன்ஜினியர்னு ஆள் இல்லையா? நாரி கான்ட்ராக்டர் இந்தியாவுக்கே கேப்டன். வெள்ளைக்காரன் மேசன்னு வைக்கிறான், கொத்தனார். கூப்பர்னா பீப்பாய் செய்யறவன். நம்ம சர்ச் தெருவுல எத்தனை ஜார்ஜ், அது கிரேக்கத்துல விவசாயி

மணி சித்தப்பா: நாரி கான்ட்ராக்டருக்கு 1962ல பார்படாஸ்ல கிரிஃபித் போட்ட பந்து தலையில பட்டுச்சு. அதோட டெஸ்ட் ஆட்டம் போச்சு

கார்த்தி: ஹெல்மெட் இல்லாத காலம் அப்பா

மணி சித்தப்பா: அவருக்கு ரத்தம் குடுத்தவங்கள்ல வொர்ரெலும் ஒருத்தர், வெஸ்ட் இண்டீஸ் கேப்டன்

செல்வி அத்தை: பேர் வைக்கிற இடத்துல ரத்தம் காயம்னு பேசாதீங்க

ரவி மாமா: செந்தில் சொன்ன இன்ஜினியரும் கான்ட்ராக்டரும் பார்சிக் குடும்பப் பேருங்க. முன்னால ஃபரூக், நாரின்னு சொந்தப் பேர் நிக்குது. மேசன், கூப்பர் எல்லாம் தொழிலை விட்டுப் பேரா மாறிப் பல தலைமுறை ஆச்சு, எந்த ஃபாரத்துலயும் அது பட்டம் கிடையாது. மேஜர் அப்படியா? வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜ் பக்கம் தடுக்கி விழுந்தா மேஜர் மேலதான் விழணும். புழக்கத்துல இருக்கிற பதவியைப் பேரா வெச்சா ஃபாரம் முழுங்கிடும். ஆதார் விதியிலயே இருக்கு, பேரோட டாக்டர், மேஜர், ரிட்டயர்டுன்னு அடைமொழி சேர்க்கக் கூடாதுன்னு. பாஸ்போர்ட்டும் பட்டத்தை ஏத்துக்காது. நீ பட்டமில்ல பேருதான்னு சொல்லலாம், கவுன்ட்டர்ல இருக்கிற பொண்ணுக்கு அது எப்படித் தெரியும்? பட்டம்னு நினைச்சு எடுத்துடும். எடுத்துட்டா எஸ் மட்டும்தான் மிஞ்சும்.

கார்த்தி: பேங்க்ல இதைத் தினமும் பார்க்கிறேன் அண்ணா. பேருக்கு முன்னால பட்டத்துக்குன்னு தனிக் கட்டம், அதுல மேஜரும் உண்டு. ஆபரேட்டர் அங்க தள்ளிட்டு சொந்தப் பேர் கட்டத்துல இனிஷியலை அடிப்பாரு. ஆதார்ல ஒண்ணு, பான்ல ஒண்ணு, ரெண்டும் இணையாது. அதை விடு, 18 வயசு வரைக்கும் பாஸ்புக்ல மைனர் மேஜர்னு வரும்

மணி சித்தப்பா: 🤣🤣🤣

ஜெயா: 🙏

பிரியா: இங்க நியூசிலாந்துல பதிவே பண்ண மாட்டாங்க மச்சான். பதவிப் பேர், பட்டப் பேர் மாதிரி இருந்தா தக்க காரணம் காட்டணும். ஜட்ஜ், ஜஸ்டிஸ், பிஷப், கிங், பிரின்ஸ் எல்லாம் திருப்பி அனுப்பின லிஸ்ட்ல இருக்கு. மேஜரும் இருக்கு

செந்தில்: நாம என்ன ஆக்லாந்துலயா இருக்கோம்

ரவி மாமா: நம்ம சட்டத்துல அப்படித் தடை இல்ல. கலெக்டர்னே வைக்கலாம், பதிவாளர் மறுக்க முடியாது. பேர் வெச்சிருக்கிறது குத்தமும் இல்ல, அதைச் சொல்லி அதிகாரி மாதிரி நடந்தாத்தான் வழக்கு. சிக்கல் அதுக்கப்புறம்தான். 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்த புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம், லைசென்ஸ், வாக்காளர் பட்டியல் எல்லாத்துக்கும் இந்த ஒரு சர்டிபிகேட்தான் பிறந்த தேதிக்கு ஆதாரம். பழைய மாதிரி டிசியைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

மணி சித்தப்பா: கலெக்டர்னதும் ஞாபகம் வருது. நீலகிரிக்கு 1882 வரைக்கும் கலெக்டரே கிடையாது. கமிஷனர்தான். சல்லிவன்கூட கோயமுத்தூர் கலெக்டரா இருந்துதான் ஊட்டிக்கு வந்தாரு

செல்வி அத்தை: சல்லிவன்னு வேணா வைக்கச் சொல்லு

கார்த்தி: அண்ணா எங்க வண்டி டிஎன் 66, கோயமுத்தூர் நம்பர். இ-பாஸ் எடுக்கணுமா

ஜெயா: வெளி வண்டிக்கெல்லாம் கேக்கறாங்க கண்ணு. நம்ம நீலகிரி டிஎன் 43க்கு மட்டும் வேண்டாம். ரெண்டு நாள் முன்னாலயே போட்டுடு. பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் எடுத்துட்டு வராதீங்க, செக்போஸ்ட்ல வாங்கிப்பாங்க

செல்வி அத்தை: கூடத்துல 20 லிட்டர் கேன் மூணு போதும். பாக்கு மட்டைத் தட்டு 80 சொல்லு. அரிசியை முன்னாடியே அடுப்புல ஏத்தச் சொல்லு அண்ணி, கோயமுத்தூர் சமையல்காரனுக்கு இங்க வேக நேரமாகும்னு தெரியாது. பருப்பைக் குக்கர்லதான் வைக்கணும்

மணி சித்தப்பா: அப்பா மெடலை எடுத்துட்டு வந்து வெச்சா நல்லா இருக்கும். அந்த டிரங்குப் பெட்டி யாருகிட்ட இருக்கு

செல்வி அத்தை: யாருகிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியாதா மணி

மணி சித்தப்பா: சும்மா கேட்டேன்க்கா

செல்வி அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரியா: அம்மா வேண்டாம்

ரவி மாமா: விஷயத்துக்கு வாங்க. அந்தப் பேர்தான் வேணும்னா தனியா நிக்க விடாத. மேஜர்ராம்னு இடைவெளி இல்லாம ஒரே சொல்லா எழுது, மென்பொருள் பிரிக்காது. இங்கிலீஷ்லயும் ஒட்டித்தான் இருக்கணும். தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் சரிபார்த்துட்டுக் கையெழுத்துப் போடு. இனிஷியலைப் பேர்ப் பெட்டியில போடாத, பாஸ்போர்ட்ல அது விரியும், அப்பா பேர் முழுசா வரும். இல்லைன்னா பழைய பதவியா வை. தளவாய், சேனாபதி. ரெண்டும் படைத்தலைவர்தான், எந்த ஃபாரத்துலயும் பட்டக் கட்டம் கிடையாது. சேனாபதின்னா முருகனும் ஆச்சு, உங்கம்மாவுக்கு எல்க் மலை வேண்டுதலும் ஆச்சு.

ஜெயா: சேனாபதி நல்லா இருக்கே 🙏

கார்த்தி: சேனா. ஸ்கூல்ல செல்லப் பேர் ரெடி

செல்வி அத்தை: சேனாபதி ராமசாமி. எங்கப்பா பேரும் வந்துடும்

செந்தில்: வீட்ல மேஜர்னுதான் கூப்பிடுவேன்

மணி சித்தப்பா: வீட்ல ஜெனரல்னுகூடக் கூப்பிடு

திவ்யா: ஃபாரம் எங்கிட்ட இருக்கு. பேர் கட்டம் காலியாத்தான் போகும். மாமா, 12 மாசம் பிறந்த தேதியிலிருந்தா, பதிஞ்ச தேதியிலிருந்தா?

ரவி மாமா: பதிஞ்ச தேதிம்மா. ஆனா சின்ன ஆதார் எடுக்க சர்டிபிகேட்ல பேர் இருந்தாத்தான் நல்லது, ரொம்ப இழுக்காதீங்க

செந்தில்: திவ்யா நாம பேசிட்டோமே

திவ்யா: நீங்க பேசினீங்க

கார்த்தி: 🍿

ஜெயா: வர்க்கி யாரு வாங்கறீங்க. 80 பேருக்கு 3 கிலோ போதுமா

செல்வி அத்தை: 4 வாங்குங்க. கோயமுத்தூர்க்காரங்க பார்சலும் கேப்பாங்க

கார்த்தி: பெரியம்மா நெய் வர்க்கி