31 மணி நேரம் க்யூவில் நின்ற ட்ரெய்லருக்கு ஹால்டிங் (காத்திருப்புக் கூலி) கேட்டால், ஜிபிஎஸ் ரிப்போர்ட்டைக் காட்டி மறுக்கிறார்கள்

டோல்கேட்_தேவி:

வணக்கம். திருவொற்றியூரில் எங்களுக்கு இரண்டு 40 அடி ட்ரெய்லர் இருக்கிறது. அப்பா 22 வருஷம் தானே ஓட்டினார். முட்டி தேய்ந்த பிறகு ஆள் போட்டு ஓட்டுகிறோம். புக்கிங், பில், இ-வே பில் (சரக்கு கொண்டுபோக அரசுத் தளத்தில் எடுக்கும் சீட்டு) எல்லாம் நான்தான் பார்க்கிறேன்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஃபேக்டரியில் ஏற்றுமதிப் பெட்டி எடுத்தோம். மாலை 4 மணிக்குக் கிளம்பி, நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலை ஏறி, இரவு 8 மணிக்கெல்லாம் வண்டி துறைமுகக் கேட்டுக்கான க்யூவின் வாலைப் பிடித்துவிட்டது. உள்ளே கேட் தாண்டியது சனிக்கிழமை விடிகாலை 3:40. எந்த டெர்மினல் என்று எழுத விரும்பவில்லை. எங்கள் ஓட்டுநர் அண்ணன் வெள்ளிக்கிழமை முழுக்க அந்த ரோட்டிலேயே இருந்தார். மதியச் சாப்பாட்டை நானே ஸ்கூட்டியில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த ஃபேக்டரி கம்பெனிக்கு ஹால்டிங் பில் அனுப்பினேன். திரும்பி வந்துவிட்டது. கம்பெனி கேட்டதால்தான் வண்டியில் ஜிபிஎஸ் போட்டோம். அந்த ரிப்போர்ட்டையே இணைத்து, "வண்டி 26 மணி நேரம் இன்ஜின் ஆஃப். ஓட்டுநர் நிறுத்தம்" என்று எழுதியிருக்கிறார்கள். அவர் தன் இஷ்டத்துக்கு நிறுத்திவிட்டுத் தூங்கினார் என்று அர்த்தம். அதைப் படித்தபோது பணம் போனதைவிட அதுதான் வலித்தது. க்யூவில்தான் நின்றோம் என்பதை எதை வைத்து நிரூபிப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

காசிமேடு_டிரைவர்:

தங்கச்சி, நான் 17 வருஷமாக ட்ரெய்லர் ஓட்டுகிறேன். இன்ஜின் ஏன் ஆஃப் என்று அவர்களுக்கு முதலில் புரியவையுங்கள். க்யூ 50 அடி நகரும், அப்புறம் 40 நிமிஷம் அசையாது. அவ்வளவு நேரமும் இன்ஜினை ஓடவிட்டால் டீசல் யார் போடுவது? முதலாளி காசு வீணாகக் கூடாது என்றுதான் சாவியைத் திருப்புகிறோம். ரிப்போர்ட்டில் அது பார்க்கிங் ஆகிவிடுகிறது.

தூங்கினார் என்கிறார்களே, க்யூவில் எப்படித் தூங்குவது? முன்வண்டி நகர்ந்து நாம் நகராவிட்டால் பக்கத்தில் இருப்பவன் மூக்கை நுழைத்துவிடுவான். முன்பு கிளீனர் இருந்தான், மாற்றி மாற்றிக் கண் அசரலாம். இப்போது கட்டுப்படியாகாமல் முக்கால்வாசி வண்டியில் ஒற்றை ஆள்தான். எம்.எஃப்.எல். சந்திப்பிலிருந்து எர்ணாவூர் வரை நின்ற நாட்களில் கக்கூஸ் போக இடமில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்திருக்கிறேன். இதன் பலன் சிறுநீரகக் கல். மோட்டார் வாகனத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று அதிலேயே இருந்தது. எங்களுக்குக் கேட் வரும் வரைக்கும் வேலை.

ஒன்று செய்யுங்கள். ரிப்போர்ட்டில் ஒரு நாள் சுருக்கத்தைப் பார்க்காதீர்கள். வண்டி நகர்ந்த ஒவ்வொரு புள்ளியும் நேரத்தோடு இருக்கும், அதை ஜிபிஎஸ் போட்டுக் கொடுத்த ஆளிடம் கேட்டு வாங்குங்கள். சாவியைத் திருப்பித் திருப்பி ஐம்பது, நூறு அடியாக ஒரே திசையில் கேட்டை நோக்கி நகர்ந்திருக்கும். தூங்கப் போன வண்டி அப்படி நகராது. அந்த அண்ணனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

மணலி_கேட்_கிளார்க்:

ஒரு சிஎஃப்எஸ்ஸில் (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளைக் கையாளும் கிடங்கு) கேட் வேலை பார்க்கிறேன். ஓட்டுநர் சொன்னது சரி. ஆனால் கம்பெனி அக்கவுன்ட்ஸில் வேறு யாருடைய பதிவாவது இருந்தால்தான் நம்புவார்கள். உங்களிடம் அப்படி மூன்று இருக்கிறது.

கேட்டில் கொடுத்த இஐஆர் சீட்டில் (பெட்டி கைமாறியதற்கான ரசீது) உள்ளே போன நேரம் அச்சாகியிருக்கும். இரண்டாவது, எல்டிபி என்கிற லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க். பெட்டியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி டேக்கைத் துறைமுகக் கேட், சிஎஃப்எஸ், சில டோல் பிளாசா ஆகியவற்றில் உள்ள ரீடர்கள் படிக்கின்றன. அந்தத் தளத்தில் கன்டெய்னர் எண்ணைப் போட்டால் எங்கே எப்போது பதிவானது என்று வரும். கட்டணம் கிடையாது. எண்ணைச் சரியாகப் போடுங்கள்: நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, தப்பு எண்ணைப் பிடிப்பதற்காகவே வைத்தது. ஃபார்ம் 13-இல் (ஏற்றுமதிப் பெட்டியைத் துறைமுகத்துக்குள் விடுவதற்கான அனுமதிப் படிவம்) ஒரு இலக்கம் மாறி, இரவு முழுக்க க்யூவில் நின்ற வண்டி கேட்டில் திரும்பியதை நானே பார்த்திருக்கிறேன். பாவம், அந்தப் பையன் அழுதுவிட்டான்.

மூன்றாவது உங்களுக்கே தோன்றியிருக்காது. 200 கிலோமீட்டருக்குள் என்றால் இ-வே பில்லுக்கு ஒரு நாள்தான் ஆயுள். வியாழன் போட்டது வெள்ளி நள்ளிரவோடு முடிந்திருக்கும். நீட்டித்தீர்களா?

டோல்கேட்_தேவி:

நீட்டித்தேன் சார்! வெள்ளி இரவு 11 மணிக்கு, அண்ணன் போன் பண்ணி ஞாபகப்படுத்தினார். முடிவதற்கு 8 மணி நேரம் முன்பிலிருந்து முடிந்த பின் 8 மணி நேரம் வரைதானே விடுவார்கள், அதனால் பதறிப்போய்ப் போட்டேன்.

மணலி_கேட்_கிளார்க்:

அப்படியென்றால் வேலை முடிந்தது அம்மா. நீட்டிக்கும்போது வண்டி இப்போது இருக்கும் இடம், காரணம் இரண்டையும் கேட்கும். நீங்கள் போட்ட இடமும் காரணமும் அரசுத் தளத்தில் பதிவாகியிருக்கிறது. இ-வே பில் போட்ட கம்பெனியும் அதைத் தன் லாகினில் பார்க்கலாம். நீங்கள் ஹால்டிங் கேட்பதற்கு முன்பே எழுதியது, அதனால் பிறகு ஜோடித்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அம்பத்தூர்_எக்ஸ்போர்ட்:

நான் எதிர்ப்பக்கம், ஒரு கம்பெனியில் டிஸ்பாட்ச் பார்க்கிறேன். ஹால்டிங் பில்லைத் திருப்பி அனுப்பும் வேலையை நானும் செய்திருக்கிறேன். "ஓட்டுநர் நிறுத்தம்" என்பதை பெரும்பாலும் யாரும் டைப் செய்வதில்லை. இன்ஜின் அணைந்து, அந்த இடம் மென்பொருளின் வரைபடத்தில் நாங்கள் வரைந்து வைத்த எல்லைக்கு வெளியே இருந்தால் மென்பொருள் தானாகவே அப்படிக் குறித்துவிடும். எங்கள் ஆபீஸில் கேட்டிலிருந்து பல கிலோமீட்டர் வரை ரோட்டையும் எல்லைக்குள் சேர்த்து வரையச் சொல்லிப் போராடி மாற்றினேன். அதன்பின் க்யூ நேரம் தனியாக வருகிறது. உங்கள் கம்பெனியிடமும் இதைக் கேளுங்கள், மறுக்கக் காரணம் இல்லை.

க்யூ ஏன் இப்படி நீள்கிறது என்பதையும் சொல்கிறேன். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கிய பிறகு ஐரோப்பா போகும் கப்பல்கள் பல சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் கூடியது. கப்பல்கள் நாள் தவறி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து வந்தால், எல்லாப் பெட்டிக்கும் ஒரே இரண்டு நாளில் கட்-ஆஃப் (பெட்டி உள்ளே போய்ச் சேர வேண்டிய கடைசி நேரம்). தவறினால் அடுத்த கப்பல். அந்தப் பயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்புகிறோம். கடைசிச் சில கிலோமீட்டருக்குச் சாலையும் போதவில்லை. மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள், 2012-இல் வேலை நின்றது, ஈரடுக்காக மாற்றி 2022-இல் மறுபடி அடிக்கல். இத்தனை வருஷத் தாமதத்தை உங்கள் ஓட்டுநர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

இனிமேல் லாரி ரசீதிலேயே எழுதிவிடுங்கள்: இத்தனை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் இவ்வளவு. க்யூவில் சேர்ந்ததும் ஒரு மெயில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை இன்னொன்று. மெயில் இருந்தால் என் மேலதிகாரியிடம் நானே வாதாடுவேன், இல்லாவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இருக்கிறதா? இருந்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் பில் பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்.

டோல்கேட்_தேவி:

எல்லோருக்கும் நன்றி. உத்யம் பதிவு இருக்கிறது, ஆனால் பில்லில் எண்ணைப் போட்டதில்லை. ஜிபிஎஸ் ஆளிடம் முழுப் பதிவை வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை மட்டும் வண்டி 43 முறை நகர்ந்திருக்கிறது, எல்லாம் கேட்டை நோக்கி. இஐஆர் சீட்டு, எல்டிபி பக்கம், இ-வே பில் நீட்டிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இன்று காலை மறுபடி அனுப்பினேன். ஹால்டிங்கோடு, "ஓட்டுநர் நிறுத்தம்" என்ற வார்த்தையையும் நீக்க வேண்டும் என்று தனி வரியாகக் கேட்டிருக்கிறேன். அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.