அமெரிக்கன் ஃபுட்பால்ல தடுமாறும் இளம் குவாட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்): எத்தனை நாள் பொறுக்கலாம்? நேரில் பார்த்தவங்க எழுதுங்க

கரோலினாக்காரன்:
2024 செப்டம்பர் 15, சார்லட், சார்ஜர்ஸ் மேட்ச். எங்க டீம் பேந்தர்ஸ் 26-3ன்னு தோத்ததும், மறுநாளே இளம் குவாட்டர்பேக் பிரைஸ் யங்கை உட்கார வெச்சுட்டு ஆண்டி டால்டன்தான் இனிமேன்னு சொன்னதும் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. எனக்கு மனசை விட்டுப் போகாதது பக்கத்து சீட்டுப் பெரியவர். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது பந்து குவாட்டர்பேக் கைக்கு வந்ததும், அவர் வினாடியை வாய்விட்டு எண்ணுவார். முந்தின சீசன்ல மூணு வரைக்கும் போறதே அபூர்வம், அதுக்குள்ள பையன் தரையில கிடப்பான். அந்த வருஷம் மட்டும் 62 சாக், அதாவது பாஸ் போடறதுக்கு முன்னாடியே எதிராளி மடக்கிப் போட்டது. அன்னைக்கு மூணு தாண்டி நாலுக்குப் போச்சு. ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ்னு அவனைக் காக்கிற லைனுக்குக் காசைக் கொட்டி எடுத்த ஆளுங்க முன்னாடி சுவர் மாதிரி நின்னாங்க. கிட்டயே யாரும் வரலை. ஆனா இவன் தோளைக் குறுக்கிக்கிட்டு ஓரமா ஒதுங்கினான். அடி விழறதுக்கு முன்னாடியே உடம்பு அடிக்குத் தயாராயிடுச்சு. பெரியவர் எண்ணுறதை நிறுத்திட்டார். அந்த மேட்ச்ல 26 பாஸ்ல 18 கைசேர்ந்தும் மொத்தம் 84 யார்டுதான்.

முன் வரிசையில ஒருத்தர் "ஸ்ட்ரவுடை எடுத்திருக்கணும்"னு கத்திக்கிட்டே இருந்தார். யங்குக்கு அடுத்த நம்பர்ல போன குவாட்டர்பேக் அவர். டிராஃப்ட்ல, அதாவது கல்லூரி ஆளுங்களை டீம்கள் வரிசையா எடுக்கிற தேர்வுல, யங்கை நம்பர் 1ஆ எடுக்க டி.ஜே. மூரையும் 4 டிராஃப்ட் பிக்கையும் சிகாகோவுக்குத் தூக்கிக் கொடுத்தது டீம். கொண்டுவந்த கோச் ஃபிராங்க் ரைக்கை 11 மேட்ச்லயே அனுப்பினதும் டீம்தான். அந்தக் கோபத்தை 23 வயசுப் பையன் தலையில இறக்குறது எனக்குத் தாங்கலை.

எடிசன்வாசி:
நண்பரே, லைன் சரியில்லை, கோச் சரியில்லைன்னு ஜெட்ஸ் ரசிகர்கள் நாங்க சொல்லாத சமாதானமா? 2022 டிசம்பர் 22, எங்க மெட்லைஃப் ஸ்டேடியம், ஜாகுவார்ஸ் மேட்ச். கொட்டுற மழை. எங்க இளம் குவாட்டர்பேக் ஜாக் வில்சனை வெளியே எடுத்துட்டு மாற்று ஆள் கிறிஸ் ஸ்ட்ரெவலரை இறக்கினாங்க. எனக்கு முன்னாடி உட்கார்ந்திருந்தவர் வில்சனோட 2ஆம் நம்பர் ஜெர்சியைப் போட்டுக்கிட்டே எழுந்து நின்னு கை தட்டினார். பாதிப் பேருக்குப் பேரே தெரியாத ஒரு ஆளுக்கு அவ்வளவு கைதட்டல்! ஸ்கோர் 19-3, அதுவும் தோல்வி.

அதுக்கு ஒரு மாசம் முன்னாடி பேட்ரியாட்ஸ்கிட்ட 10-3ன்னு தோத்தோம். ரெண்டாம் பாதி முழுக்க டீம் எடுத்தது 2 யார்டு. டிஃபென்ஸை, அதாவது எதிராளியைத் தடுக்கிற நம்ம ஆளுங்களைக் கைவிட்டுட்டீங்களான்னு கேட்டதுக்கு வில்சன் "இல்லை"ன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சான். கடைசி நொடிகள் வரைக்கும் எதிராளியை 3 பாயின்ட்ல பிடிச்சு வெச்சிருந்த டிஃபென்ஸ் அது! பொறுமை காட்ட வேண்டியது சீட்டுல இருக்கிற நாம இல்லை, கூட ஆடுறவங்க. அவங்களுக்குப் போயிட்டா அப்புறம் யார் நினைச்சாலும் மீட்க முடியாது. நீங்க யங்கைப் பாவம்னு பார்க்கறீங்க, அந்த லாக்கர் ரூமைப் பார்க்கலை.

நயாகரா பக்கம்:
பஃபலோவுல 2018 செப்டம்பர், எங்க டீம் பில்ஸுக்கு ஜோஷ் ஆலன் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணின மேட்ச். முந்தின வாரம் இன்னொரு குவாட்டர்பேக் நேதன் பீட்டர்மனை இறக்கி பால்டிமோர்ல 47-3ன்னு வாங்கிட்டு வந்திருந்தோம். அன்னைக்கு எங்க டிஃபென்ஸ் ஆட்டக்காரர் வான்டே டேவிஸ் பாதி மேட்ச்லயே ஓய்வுன்னு சொல்லிட்டுக் கிளம்பினார். ரெண்டாம் பாதியில அவர் இடத்துல வேற ஆள் நிக்கறதைப் பார்த்து எங்க வரிசையில ஒருத்தருக்கும் ஒண்ணும் புரியலை. 31-20ன்னு தோத்தோம்.

இதை வெச்சு ரெண்டு பேருக்குமே சொல்றேன். ஆலன் அந்த வருஷம் நூத்துக்கு 52.8 பாஸ்தான் சேர்த்தான். 2020ல 69.2. நடுவுல மந்திரம் ஒண்ணும் நடக்கலை. ஹெட் கோச் மெக்டெர்மட் மாறலை, ஆட்டத்தை வகுக்கிற டேபோலும் 4 சீசன் அதே இடத்துல இருந்தார். காலை எங்கே ஊன்றணும்னு வருஷக்கணக்கா உழைச்சுத் திருத்தினாங்க, 2020ல பாஸைப் பிடிக்க ஸ்டெஃபான் டிக்ஸை வாங்கிக் கொடுத்தாங்க. அதனால ஸ்கோரைப் பார்க்காதீங்க, பந்தையும் பார்க்காதீங்க. ஸ்னாப் ஆனதும் குவாட்டர்பேக்கோட காலைப் பாருங்க. பின்னால வெச்ச கால் ஊன்றினதும் பந்து கையை விட்டுப் போகுதா, இல்லை குட்டி குட்டியா ரெண்டு எட்டு கூடப் போடறானா? அப்படிப் போட்டா பாஸ் போட நினைச்ச முதல் ஆளை நம்பலை, ரெண்டாவது ஆளைத் தேடறான்னு அர்த்தம். போன மாசத்துக்கு இந்த மாசம் அந்த எட்டு குறையுதான்னு பாருங்க. வீட்டுல பிள்ளைங்க ஃப்ளாக் ஃபுட்பால் (முட்டித் தள்ளாம இடுப்புக் கொடியை உருவுற ஆட்டம்) ஆடினாலும் இதேதான். இன்டர்செப்ஷன் ஆனதும், அதாவது பாஸை எதிராளி பிடிச்சதும், ஓரத்துல நின்னு கத்தாதீங்க, கார்ல வரும்போது அதைப் பத்திப் பேசாதீங்க. "அடுத்த தடவை யாரை முதல்ல பார்ப்பே?"ன்னு ஒரே கேள்வி கேளுங்க. பிள்ளையே சொல்லும். கோச்சை மாத்தச் சொல்லி மெயில் போடறதை நிறுத்துங்க.

எடிசன்வாசி:
ஐயா, ஆலன் ஆறடி அஞ்சு அங்குலம், லைன்மேனை முட்டித் தள்ளிட்டு ஓடுவான். யங் அஞ்சடி பத்து. ஆலனைக் காட்டிக் காட்டியே எத்தனை டீம் 4 வருஷத்தைத் தொலைச்சிருக்கு! பிள்ளை வளர்ப்பு பத்தி இங்கே யாரும் கேட்கலை.

இசார் கரை:
2024 நவம்பர் 10, மியூனிக்ல ஜயன்ட்ஸும் பேந்தர்ஸும் மோதினாங்க. என் கணவர் ஆபீஸ்ல டிக்கெட் கிடைச்சுது. ஒரு பக்கம் யங், இன்னொரு பக்கம் ஜயன்ட்ஸ் குவாட்டர்பேக் டேனியல் ஜோன்ஸ். ஜோன்ஸுக்கு அது 6ஆவது சீசன், 16 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்து வெச்சிருந்தாங்க. ஜயன்ட்ஸ் சட்டை போட்ட ஒரு தம்பதிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஜோன்ஸ் ரெண்டாவது இன்டர்செப்ஷன் கொடுத்தப்போ அந்த அம்மா திட்டக்கூட இல்லை. கடலைப் பொட்டலத்தைச் சுருட்டிப் பைக்குள்ள வெச்சுட்டு, கணவரோட கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்த அமைதி எனக்கு இன்னும் உறுத்துது. கத்துறவங்ககிட்டயாவது எதிர்பார்ப்பு மிச்சம் இருக்கும். ஓவர்டைம்ல ஜயன்ட்ஸ் பந்தைத் தவறவிட்டு 20-17ன்னு தோத்தாங்க, ரெண்டே வாரத்துல ஜோன்ஸை டீம் விடுவிச்சுடுச்சு. எடிசன் அண்ணா, பொறுமையா இருந்தா என்ன ஆகும்னு கேட்டா அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வருது. இதுல நான் உங்க பக்கம்.

கரோலினாக்காரன்:
சகோதரி, அதே மேட்ச்ல ஜெயிச்சுட்டு வெளியே வந்தவன் யங். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

எடிசன்வாசி:
டால்டனுக்குக் கார் விபத்துல கட்டைவிரல்ல அடிபட்டதாலதான் யங் திரும்ப உள்ளே வந்தான். அதுக்குப் பேர் பொறுமையா?

கரோலினாக்காரன்:
திரும்பி வந்த வழி விபத்துதான், ஒத்துக்கறேன். ஆனா வந்தவன் ஆடின ஆட்டத்துக்கு விபத்து காரணம் இல்லை. அந்த 5 மேட்ச்ல பெரும்பாலும் அவன் ஓரத்துல நின்னுதான் பார்த்தான், அடி விழறது குறைஞ்சுது. அப்புறம் தோத்தாலும் சீஃப்ஸ்கிட்ட 30-27 வரைக்கும் இழுத்துட்டுப் போனான். கடைசி மேட்ச்ல அட்லாண்டாவுல ஓவர்டைம்ல 44-38ன்னு ஜெயிச்சான். பாஸ்ல 3 டச்டவுன் (எதிராளியோட எல்லைக்குள்ள பந்தைக் கொண்டுபோறது), தானே ஓடி 2. கோச் கனேல்ஸ் மாறலை. டிராஃப்ட் முதல் ரவுண்டுல எடுத்த ஆளோட ஒப்பந்தத்துல 5ஆவது வருஷம் வேணுமா வேண்டாமான்னு டீம் 3ஆவது சீசன் முடிஞ்ச மே மாசத்துக்குள்ள சொல்லணும், யங்குக்கு அது 2026. அதுவரைக்கும் கோச்சை மாத்தாம விடணும். அதுக்கப்புறமும் சரிவரலைன்னா அனுப்பலாம், நான் மறுபேச்சு பேசமாட்டேன். சீசன்ல ரெண்டு மேட்ச் முடிஞ்சதுமே உட்கார வெச்சதை மட்டும் நியாயம்னு சொல்லாதீங்க.